உப்புக் காற்றில் ஒரு பழைய ட்ரெயில் மோட்டார் சைக்கிள்: வாங்கும் முறையும் வைத்திருக்கும் முறையும்

திருகோணமலையை அடுத்த உப்புவெளியிலிருந்து குச்சவெளிக்கு ஏறக்குறைய 30 கிலோமீற்றர். அந்தத் தூரத்தை வேலை நாட்களில் போவதும் வருவதுமாக, பல கைகள் மாறி என்னிடம் வந்து சேர்ந்த ஒரு யமஹா செரோ 225 மோட்டார் சைக்கிளிலேயே கடந்து வருகிறேன். புல்மோட்டை வீதி தார் வீதிதான். ஆனால் அதை விட்டு உள்ளே திரும்பினால் கிரவல் வீதி, மணல் ஒழுங்கை, மாரியில் முழங்காலளவு நீர் நிற்கும் வாய்க்கால் கரை என்று பாதை மாறிக்கொண்டே போகும். முன்னுக்கு 21 அங்குலச் சக்கரமும் பின்னுக்கு 18 அங்குலச் சக்கரமும், குழியில் இறங்கினாலும் முதுகை உலுக்காத நீண்ட சஸ்பென்ஷனும், மணலில் சரிந்தால் ஒரே ஆள் தூக்கி நிறுத்தக்கூடிய பாரமும் உள்ள ஒற்றைச் சிலிண்டர் ட்ரெயில் வண்டி, அதாவது தார் வீதியிலும் கரடுமுரடான பாதையிலும் ஓடும் வண்டி, இப்படிப்பட்ட பயணத்துக்கு மிகவும் பொருத்தமானது. அதே வேளை, கடலோரத்தில் இந்த வண்டிகளின் ஆயுளைக் குறைப்பது காட்டு வழியைக் காட்டிலும் உப்பும் நுண்மணலும்தான் என்பதை வாங்க நினைப்பவர் முதலிலேயே மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். கீழே நான் சொல்வது பெரும்பாலும் அந்த இரண்டையும் சமாளிப்பது பற்றியது.

எங்கள் பகுதியில் விற்பனைக்கு வருபவை பெரும்பாலும் ஜப்பானிலிருந்து பாவித்த நிலையில் இறக்குமதியானவை: யமஹா செரோ 225, சுசுகி ஜெபெல் 200, ஹொண்டா எக்ஸ்ஆர் 250 பஹா, ஹொண்டா எக்ஸ்எல் டிகிரி. முதல் மூன்றும் காற்றால் குளிரூட்டப்படும் எஞ்சின் கொண்டவை. டிகிரிக்கு ரேடியேற்றரும் நீர்ப் பம்பும் உண்டு. ஆகவே பழுதாகக்கூடிய பாகங்களும் கூட. 2020 மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இன் தொடக்கம் வரை தடைப்பட்டிருந்ததால், இருந்த வண்டிகளே கைமாறிக் கைமாறி, ஒன்றின் பாகம் மற்றொன்றில் பொருத்தப்பட்டு ஓடிவந்திருக்கின்றன. எனவே எந்த மாதிரி சிறந்தது என்று விவாதிப்பதை விட, நீங்கள் வழக்கமாகப் போகும் கராஜில் எந்த மாதிரியைத் திறந்து பழகியிருக்கிறார்கள், அதன் கிளச் தட்டும் பிரேக் ஷூவும் எத்தனை நாளில் கைக்கு வரும் என்று விசாரித்து முடிவெடுப்பதே பயன் தரும்.

வண்டி பார்க்கப் போவதாக முன்கூட்டியே சொல்லும்போது, தாங்கள் வரும்வரை எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று விற்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். போய்ச் சேர்ந்ததும் எஞ்சின் உறையைக் கையால் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் வெளிப்படும் குறை ஒன்று மறைக்கப்பட்டிருக்கலாம். வேறொரு நாள் காலையில் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடுவதே நல்லது. குளிர்ந்த எஞ்சின், ஸ்டார்ட் செய்ய உதவும் சோக்கை இழுத்த சில முயற்சிகளில் உயிர்பெற வேண்டும். ஸ்டார்ட் ஆன சில விநாடிகள் மட்டும் நீலப் புகை வந்து மறைந்தால் வால்வு சீல் தேய்ந்திருக்கிறது. அந்த வண்டியைப் பேரம் பேசி வாங்கலாம். ஓட்டும்போதும் த்ரொட்டிலைத் திறக்கும்போதும் நீலப் புகை தொடர்ந்து வந்தால் பிஸ்டன் ரிங்கோ சிலிண்டரோ தேய்ந்துள்ளது. அந்த வேலைக்கான செலவை விலையில் கழிக்க விற்பவர் உடன்படாவிட்டால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். மேல்பகுதியில் செயின் உராய்வது போன்ற சலசலப்புக் கேட்டால், வால்வுகளை இயக்கும் கேம் செயினையும் அதை இறுக்கி வைக்கும் டென்ஷனரையும் மெக்கானிக் ஒருவரைக் கொண்டு பார்க்கச் சொல்லுங்கள்.

எஞ்சினை விடவும் அதைச் சுற்றியுள்ள உலோகத்தைப் பார்ப்பதில் நான் கூடுதல் நேரம் செலவிடுவேன். பெற்றோல் தாங்கியின் மூடியைத் திறந்து டோர்ச் வெளிச்சத்தில் உள்ளே பாருங்கள். செம்மண் நிறத்தில் துரு தெரிந்தால் அது கார்புரேட்டருக்கும் இறங்கியிருக்கும். செஸியின் அடிப்பகுதி, சைட் ஸ்டாண்ட் பற்றவைக்கப்பட்ட இடம், சைலன்சரின் இணைப்புகள் ஆகியவற்றை விரலால் தடவியும் சிறிய ஸ்க்ரூடிரைவரால் குத்தியும் பார்க்க வேண்டும். புதிதாக அடித்த பெயின்ற் மட்டும் பளபளத்தால் சந்தேகப்படுவது நியாயம். முன் சக்கரத்தை நிலத்திலிருந்து உயர்த்தி ஹாண்டிலை மெதுவாக இரு பக்கமும் திருப்பும்போது, நடுவில் ஒரு பள்ளத்தில் விழுவது போல் தட்டினால், ஹாண்டில் திரும்பும் இடத்திலுள்ள ஹெட் பேரிங் தேய்ந்திருக்கிறது. பின்புறத்தைச் சீற்றைப் பிடித்து மெல்லத் தூக்கும்போது, ஷொக் அப்சோபர் அசையும் முன்னரே சற்றுத் தளர்வாக ஆடினால் அதன் கீழ் இணைப்புகள் கிரீஸ் காணாமல் தேய்ந்துவிட்டன என்று பொருள். சக்கரக் கம்பிகளை ஒவ்வொன்றாக ஒரு சாவியால் தட்டுங்கள். இறுகிய கம்பி மணியோசை தரும். தளர்ந்த கம்பி மந்தமாக ஒலிக்கும்.

பத்திரங்கள் விடயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் விட்டுக்கொடுக்க வேண்டாம். ஹாண்டில் பொருந்தும் ஹெட் பகுதியில் அடிக்கப்பட்டுள்ள செஸி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் பதிவுச் சான்றிதழில் உள்ளவற்றுடன் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். எஞ்சின் மாற்றிய வண்டிகள் பல உள்ளன; அந்த மாற்றம் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியப்படாவிட்டால் சிக்கல் வாங்கியவருக்கே வரும். கையொப்பம் மட்டும் வைத்த உரிமை மாற்றப் படிவத்தோடு பல கை தாண்டி வரும் வண்டியை, மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்காதீர்கள். வருமான அனுமதிப்பத்திரம் எத்தனை வருடம் புதுப்பிக்கப்படவில்லை என்று பார்த்து நிலுவையைக் கணக்கில் எடுங்கள். புதுப்பிக்கப் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் காப்புறுதியும் வேண்டும். உங்கள் சாரதி அனுமதிப்பத்திரத்தில் ஏ1 வகுப்பு மட்டும் இருந்தால் அது 100 சிசிக்கு மேற்பட்ட வண்டிக்குச் செல்லாது; ஏ வகுப்பு அவசியம்.

வாங்கிய முதல் வார இறுதியிலேயே, முன்னைய உரிமையாளர் எல்லாம் செய்துவிட்டதாகச் சொன்னாலும், எஞ்சின் ஒயில், எயார் பில்டர், பிளக், பிரேக் ஷூ, செயின் ஆகிய அனைத்தையும் உங்கள் கண்ணால் பாருங்கள். அன்றைய கிலோமீற்றர் அளவை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பின்புற இணைப்புகளையும், பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மையும் கழற்றிக் கிரீஸ் வைப்பது அரை நாள் வேலை. இதை ஒருமுறை செய்தால் மாரிக்கு மாரி திறந்து பார்த்தால் போதும். நான் இதைத் தள்ளிப் போட்டேன். இரண்டாம் மாரி முடிந்தபோது ஸ்விங் ஆர்ம் போல்ற் துருவேறி இறுகி, அதை வெட்டி எடுக்க நேர்ந்தது.

ஒயிலைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த எஞ்சின்களில் ஒரு லீற்றருக்குச் சற்றுக் கூடுதலான ஒயிலே இருக்கிறது. அதுவே எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும், ஒயிலில் நனைந்தே இயங்கும் கிளச்சுக்கும் பொதுவானது. குறைந்த அளவு ஒயில் இவ்வளவு வேலையைச் செய்வதாலும், காற்றால் மட்டும் குளிரும் எஞ்சின் எங்கள் வெயிலில் நகரத்து நெரிசலில் ஊர்ந்து போகும்போது மிகவும் சூடாவதாலும், அது விரைவில் வலுவிழக்கும். 2000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றுவதை நான் தவறவிடுவதில்லை. கார்களுக்கென்று விற்கும், உராய்வைக் குறைக்கும் சேர்மானம் கலந்த ஒயிலை ஊற்றினால் கிளச் வழுக்கத் தொடங்கும். கலனில், இத்தகைய கிளச்சுக்கு ஏற்றது என்பதைக் காட்டும் ஜாசோ எம்ஏ (JASO MA) என்ற தர அடையாளம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அளவு பார்க்கும் முறையும் மாதிரிக்கு மாதிரி வேறுபடும். செரோவில் வண்டியை நேராக நிறுத்திச் சில நிமிடம் விட்டுப் பார்க்கலாம். எக்ஸ்ஆர் 250 பஹாவில் ஒயில் செஸிக் குழாய்க்குள் இருப்பதால், எஞ்சினைச் சூடாக்கி நிறுத்திய உடனே பார்க்காவிட்டால் அளவு குறைந்தது போலத் தோன்றி, தேவைக்கு அதிகமாக ஊற்றிவிடுவோம்.

எயார் பில்டர் இதைவிட முக்கியம். கச்சான் எனப்படும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில், முன்னே போகும் லொறி கிளப்பும் கிரவல் தூசுக்குள் ஒரு வாரம் ஓட்டிவிட்டுப் பில்டரைக் கழற்றிப் பாருங்கள். பஞ்சின் வெளிப்புறம் செங்கல் நிறமாக மாறியிருக்கும். அந்தத் தூசு உள்ளே போனால் சிலிண்டரை அரம் போல் தேய்க்கும். பஞ்சை மண்ணெண்ணெயில் அலசி, பின்னர் சவர்க்கார நீரில் கழுவி, நிழலில் முழுமையாக உலர்த்தி, பில்டர் ஒயிலில் நனைத்துப் பிழிந்து மாட்ட வேண்டும். முறுக்கிப் பிழிந்தால் பஞ்சு கிழியும். பெற்றோலில் கழுவினால் பஞ்சை ஒட்டியுள்ள பசை விடும். பில்டர் பெட்டியின் விளிம்பில் மெல்லிய கிரீஸ் பூச்சு ஒன்று கொடுத்தால், ஓரத்தால் நுழையும் தூசு அதில் ஒட்டிக்கொள்ளும்.

இனி உப்பு. கடலோரத்தில் நிறுத்திய வண்டியின் மீது, கடல் நீரில் இறங்காவிட்டாலும், காற்றோடு வரும் உப்பு படிந்துகொண்டே இருக்கும். நன்னீரால் கழுவுவதே மருந்து. ஆனால் கடற்கரையை அண்டிய எங்கள் கிணறுகள் பலவற்றில் நீர் உவராகவே இருக்கிறது. அந்த நீரால் கழுவி வெயிலில் காயவிட்டால் உப்பை நாமே பூசியது போலாகும். குழாய் நீர் அல்லது சேமித்த மழைநீர் இரண்டு வாளி போதும். அதிக அழுத்தத்தில் நீர் பீய்ச்சும் இயந்திரத்தைச் சக்கர பேரிங், ஹெட் பேரிங், மின் இணைப்புகள் பக்கம் நீட்டவே கூடாது. கழுவியதும் இரண்டு மூன்று கிலோமீற்றர் ஓட்டி, பிரேக்கை மெல்ல அழுத்தி உலர்த்தி, பிறகு நிறுத்துங்கள். மின் இணைப்புகளை ஆண்டுக்கு ஒருமுறை கழற்றித் துடைத்து, மின் இணைப்புக்கான கிரீஸ் தடவி மாட்டினால், மாரியில் நடுவழியில் நிற்கும் சந்தர்ப்பங்கள் பெரிதும் குறையும்.

செயினை வாரம் ஒருமுறை மண்ணெண்ணெய் நனைத்த பழைய தூரிகையால் துடைத்து, ஓடிவந்த சூடு ஆறும் முன்னரே கியர் ஒயில் பூசுவது என் வழக்கம். சஸ்பென்ஷன் அதிகம் ஏறி இறங்கும் வண்டி என்பதால் சாதாரண வண்டியை விடச் செயின் சற்றுத் தளர்வாக இருக்க வேண்டும். ஸ்விங் ஆர்மில் ஒட்டியுள்ள அளவைப் பின்பற்றுங்கள். தளர்வை ஓரிடத்தில் மட்டும் பார்க்காமல், சக்கரத்தைச் சுழற்றி, செயின் மிக இறுகி நிற்கும் இடத்தில் அளக்க வேண்டும். மிக இறுக்கினால், ஆள் ஏறி அமர்ந்ததும் கியர்பெட்டியின் பேரிங் மீது பாரம் விழும். பின் பற்சக்கரத்தில் செயினைப் பின்னோக்கி இழுக்கும்போது பல்லின் பாதிக்கு மேல் வெளியே தெரிந்தால், செயினையும் இரு பற்சக்கரங்களையும் ஒன்றாகவே மாற்றுங்கள்.

2022இல் தட்டுப்பாட்டின்போது, எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கும் எரிபொருள் அட்டை நடைமுறைக்கு வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர்தான் கிடைத்தது. அது எனது இரண்டு நாள் பயணத்துக்கு மட்டுமே போதுமானதாக இருந்தது. அப்போதுதான் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்வதற்கும் டயரில் சரியான காற்று வைப்பதற்கும் எத்தனை கிலோமீற்றர் பெறுமதி என்பதை அளந்து அறிந்தேன். இந்த வண்டிகள் பலவற்றுக்குப் பெற்றோல் மானி கிடையாது. நிரப்பும்போதெல்லாம் ட்ரிப் மீற்றரைப் பூச்சியமாக்குங்கள். நிறுத்தியதும் பெற்றோல் குழாயை மூடுங்கள். மாரியில் தாங்கிக்குள் ஈரம் சேர்ந்து எஞ்சின் திக்கினால், கார்புரேட்டரின் அடியிலுள்ள சிறு திருகைத் தளர்த்தி நீரை வடித்துவிட்டாலே பெரும்பாலும் சரியாகும்.

ஓட்டும் முறையில் மூன்று இடங்கள் தனிக் கவனம் கேட்கின்றன. 2009இல் திறக்கப்பட்ட, 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலத்தில் பக்கக் காற்று வீசும்போது, உயரமான இலகு வண்டி ஓரத்துக்குத் தள்ளப்படும். தோள்களைத் தளர்த்தி, ஹாண்டிலை இறுகப் பிடிக்காமல், வேகத்தைக் குறைத்துச் செல்லுங்கள். திருகோணமலை நகருக்குள் இரவில் கோட்டைப் பக்கத்து மான்கள் வீதிக்கு வரும். ஒன்று கடந்தால் பின்னால் இன்னொன்று வரும் என்றே எண்ணி நில்லுங்கள். கந்தளாய்க்கு அப்பால் ஹபரணை வரையான வீதியில் பொழுது சாய்ந்த பின் பயணம் செய்வதில்லை என்பது என் உறுதியான முடிவு. யானைக்கு முன்னால் வண்டியின் எந்தத் திறமையும் உதவாது.

ஆழ்ந்த மணலில் புதியவர்கள் செய்யும் தவறு, முன்சக்கரம் அலைந்தவுடன் த்ரொட்டிலை மூடி முன் பிரேக்கைப் பிடிப்பது. அப்படிச் செய்தால் பாரம் முன்னே விழுந்து சக்கரம் புதைந்துவிடும். மிதியில் எழுந்து நின்று, உடலைச் சற்றுப் பின்னே வைத்து, இரண்டாம் கியரில் ஒரே அளவான இழுவையோடு, பார்வையை 20 மீற்றர் முன்னே வைத்துப் போனால் வண்டி தானாகவே நேராகும். காற்றைக் குறைத்தால் பிடிப்புக் கூடும் என்பது உண்மை. ஆனால் மிகக் குறைத்தால் டயர் ரிம்மில் வழுக்கி டியூபின் வால்வு பிய்ந்துவிடும். தார் வீதிக்கு ஏறியதும் மீண்டும் நிரப்பச் சிறிய கைப் பம்ப் ஒன்று வேண்டும்.

அந்தப் பம்போடு 21 அங்குல டியூப் ஒன்று, டயர் கழற்றும் இரண்டு இரும்புகள், பிளக் ஒன்று, கிளச் வயர் ஒன்று, செயின் இணைப்பு ஒன்று ஆகியவற்றை எப்போதும் பையில் வைத்திருங்கள். அவசரத்துக்கு 21 அங்குல டியூபைப் பின் டயருக்குள்ளும் மடித்து வைத்து வீடு வந்து சேரலாம். குச்சவெளிக்கு அப்பால் வெயிலில் நின்று முதன்முறையாகப் பழகாமல், ஒரு ஞாயிறு காலையில் வீட்டு முற்றத்து நிழலில் இரண்டு சக்கரங்களையும் கழற்றி டியூபை மாற்றிப் பாருங்கள். சக்கர நட்டுக்குச் சரியான சாவி உங்கள் பையில் இல்லை என்பதும் அன்றைக்கே தெரிந்துவிடும்.