சிறிய குழந்தைகள் காப்பகத்தின் இணையதளத்தைப் புதுப்பிக்கும் முறை

காப்பகம் தேடும் பெற்றோர் பெரும்பாலும் இரவில், குழந்தை தூங்கிய பிறகு, கைபேசியில்தான் தேடுகிறார்கள். எந்த வயதிலிருந்து சேர்ப்பீர்கள், மாலை எத்தனை மணி வரை வைத்திருப்பீர்கள், கட்டணம் எவ்வளவு, சாப்பாடு அங்கேயே உண்டா, டப்பாவில் கொடுத்தனுப்ப வேண்டுமா என்பவையே அவர்களுடைய கேள்விகள். ஆகவே வடிவமைப்பாளரைப் பார்ப்பதற்கு முன், அண்மையில் வந்த தொலைபேசி அழைப்புகளிலும் வாட்ஸ்அப் செய்திகளிலும் பெற்றோர் கேட்டவற்றை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அடிக்கடி வந்த கேள்விகளுக்கான விடைகள் முகப்புப் பக்கத்தில், காப்பகத்தின் பெயரை அடுத்து வர வேண்டும். "எங்கள் தொலைநோக்கு" போன்ற பத்திகள் இல்லாமலே போனாலும் நட்டமில்லை.

விடைகள் திட்டவட்டமாக இருக்கட்டும். "வசதியான நேரம்" என்று எழுதுவதைவிட, "காலை 8.30 முதல் மாலை 6.30 வரை; அதற்கு மேல் அரை மணிக்கு 100 ரூபாய்" என்று எழுதினால், அலுவலகத்திலிருந்து போக்குவரத்து நெரிசலில் வரப்போகும் தாய் அப்போதே கணக்குப் போட்டுவிடுவார். கட்டணத்தை வெளியிடத் தயக்கம் இருந்தால் தொடக்கத் தொகையையாவது குறிப்பிடுங்கள். எதுவுமே சொல்லாத தளத்தைப் பலர் மூடிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறார்கள்.

அடுத்து, தளத்தின் முகவரி யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். பழைய தளத்தைச் செய்துகொடுத்தவரின் பெயரிலோ மின்னஞ்சலிலோ இருந்தால், புதிய வேலையைத் தொடங்குவதற்கு முன்பே அதை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பழைய பக்கங்களின் தமிழ் உரை பாமினி போன்ற எழுத்துருவில் இருந்தால் அதை எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துமுறைக்கு மாற்ற வேண்டும். அந்த எழுத்துரு இல்லாத கைபேசியில் அது வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும், கூகுளில் தமிழில் தேடினாலும் அகப்படாது.

அதிகக் கவனம் தேவைப்படுவது புகைப்படங்களில்தான். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கோருகிறது. சேர்க்கைப் படிவத்தின் மூலையில் ஒரு பொதுவான வரியைப் போட்டுக் கையெழுத்து வாங்குவது போதாது. இணையதளத்துக்கு, முகநூலுக்கு, பெற்றோர் வாட்ஸ்அப் குழுவுக்கு எனத் தனித்தனியாகக் கேளுங்கள், எப்போது வேண்டுமானாலும் ஒப்புதலைத் திரும்பப் பெறலாம் என்பதையும் எழுதுங்கள். கைபேசியில் எடுத்த மூலப்படத்தில் எடுத்த இடத்தின் ஆயத்தொலைகள் பதிந்திருக்கக்கூடும் என்பதால், பதிவேற்றும் முன் அவற்றை நீக்க வேண்டும். சுவரில் ஒட்டிய பெயர்ப்பட்டியல், பையில் தொங்கும் அடையாள அட்டை ஆகியவை படத்தில் படிக்கும்படி இருக்கின்றனவா என்று பெரிதாக்கிப் பாருங்கள். உண்மையில், களிமண் பிசையும் கைகளும் வரிசையாக விரித்த பாய்களும் சமையலறையும் கழிப்பறையும் பெற்றோருக்குச் சொல்லும் செய்தி, சிரிக்கும் முகங்கள் சொல்வதைவிட அதிகம். வெளிநாட்டுக் குழந்தைகள் இருக்கும், விலைக்கு வாங்கிய படங்களைத் தவிர்த்துவிடுங்கள். அது உங்கள் இடமல்ல என்பது பார்த்தவுடன் தெரிந்துவிடும். சிசிடிவி காட்சியை எக்காரணம் கொண்டும் பொதுப் பக்கத்தில் வைக்கக் கூடாது.

தொலைபேசி எண்ணைப் படமாகப் போடாமல், தொட்டவுடன் அழைப்பு போகும் இணைப்பாக அமைக்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் இணைப்பில் எண்ணுக்கு முன் கூட்டல் குறி இல்லாமல் 91 சேர்க்க வேண்டும். விசாரணைப் படிவத்தில் பெற்றோரின் பெயர், எண், குழந்தையின் வயது ஆகிய மூன்றும் போதும். பிறந்த தேதியையும் ஆதாரையும் அங்கே கேட்க வேண்டியதில்லை.

வெளியிடும் நாளில், பழைய பக்க முகவரிகள் 301 திசைமாற்றத்தின் (பழைய முகவரிக்கு வருபவரை நிரந்தரமாகப் புதிய முகவரிக்கு அனுப்பும் ஏற்பாடு) மூலம் உரிய புதிய பக்கங்களுக்குச் செல்கின்றனவா என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். விலை குறைந்த ஆண்ட்ராய்டு கைபேசியில், வைஃபையை அணைத்துவிட்டு, தளத்தைத் திறந்து பாருங்கள். முகப்புப் படம் வரத் தாமதமானால் அதன் அளவைக் குறைக்கச் சொல்லுங்கள். கூகுள் வரைபடத்தில் உள்ள உங்கள் வேலை நேரத்தையும் தொலைபேசி எண்ணையும் அன்றைக்கே தளத்தோடு ஒத்துப்போகும்படி திருத்திவிடுங்கள்.