டயாலிசிஸ் போகிறவரின் மனசையும் கவனிப்பது எப்படி?

வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம். அம்மாவுக்கு டயாலிசிஸ் ஆரம்பித்தபோது கிரியாட்டினின், பொட்டாசியம், பிரஷர் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதினோம். அவர் பேச்சு குறைந்துகொண்டே வந்ததை மட்டும் யாரும் எழுதவில்லை. இந்த வியாதி வந்தால் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டோம், அது தப்பு. டயாலிசிஸில் இருப்பவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு மனச்சோர்வு இருக்கிறது, அதற்கு வைத்தியமும் இருக்கிறது.

கண்டுபிடிப்பதில் ஒரு சிக்கல். அசதி, தூக்கமின்மை, பசியின்மை மூன்றும் சிறுநீரக நோயாலேயே வரும். அதனால் வேறு விஷயங்களைப் பாருங்கள்: பேத்தி போன் பண்ணினால்கூட எடுக்காமல் இருப்பது, "எனக்காக ஏன் இவ்வளவு செலவு" என்று அடிக்கடி சொல்வது, "இன்னிக்கு ஒரு நாள் போகலைன்னா என்ன" என்று கேட்பது. இரண்டு வாரத்துக்கு மேல் இப்படி இருந்தால் அடுத்த முறை மெஷினில் போடுவதற்கு முன்பே டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், அவர்களாகக் கேட்பார்கள் என்று காத்திருக்க வேண்டாம். கூடவே ஹீமோகுளோபின் எவ்வளவு, அரிப்புக்கும் ராத்திரி கால் குடைச்சலுக்கும் என்ன செய்யலாம், ட்ரை வெயிட் (உடம்பில் தேங்கிய நீரெல்லாம் வெளியேறிய பின் இருக்க வேண்டிய எடை) சரியாக இருக்கிறதா என்றும் கேளுங்கள், ஏனென்றால் இவற்றைச் சரிசெய்தாலே பாதி மனசு தெளிகிறவர்கள் உண்டு. தூக்க மாத்திரையை மட்டும் நீங்களாக மருந்துக் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள். கிட்னி வேலை செய்யாதபோது பல மருந்துகளின் அளவே வேறு.

கிட்னி வேலை செய்யாதபோது குடிக்கிற தண்ணீர் உடம்பில் தேங்கும், அதனால் அளந்துதான் குடிக்க வேண்டும். எங்கள் வீட்டில் பெரிய சண்டையே அந்தத் தண்ணீரால்தான். அம்மா சொம்பைத் தொட்டாலே நாலு பேர் கத்துவோம். ஒரு நாள் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று ஒரு வாய் குடித்துவிட்டு, முந்தானையால் உதட்டைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்த்ததும் திருடி மாட்டிக்கொண்ட குழந்தை மாதிரி நின்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதற்கப்புறம் டாக்டர் சொன்ன அளவைக் காலையிலேயே ஒரு பாட்டிலில் ஊற்றி அவர் கையில் கொடுத்துவிடுகிறோம். காபி, ரசம், மோர் எதைக் குடித்தாலும் அந்த அளவைப் பாட்டிலிலிருந்து அவரே கொட்டிவிடுவார், எப்போது குடிப்பது என்பதும் அவர் முடிவு. ஊறுகாயும் அப்பளமும் குறைந்தால் தாகமே குறையும், அந்த வேலை சமைக்கிறவர்களுடையது. தாகத்துக்கு இளநீர் கொடுக்கிறேன் என்று யாராவது வந்தால் தடுத்துவிடுங்கள், பொட்டாசியம் ஏறினால் இதயத்துக்கே ஆபத்து.

டயாலிசிஸ் முடிந்து வந்த அன்று எதையும் எதிர்பார்க்காதீர்கள், தூங்கட்டும். மறுநாள் அவருக்கென்று ஒரு வேலை இருக்கட்டும், பூத்தொடுப்பதோ கணக்கெழுதுவதோ எதுவானாலும் சரி, ஃபிஸ்டுலா கையில், அதாவது டயாலிசிஸ் ஊசி போட ரத்தக்குழாய்களை இணைத்து வைத்திருக்கிற கையில் மட்டும் பாரம் தூக்கக் கூடாது. கல்யாணம், கோயில் என்று வெளியூரும் போகலாம். அந்த ஊர் சென்டரில் முன்கூட்டியே பேசி, ஹெபடைடிஸ், எச்.ஐ.வி. ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பணப் பேச்சை அவர் காதில் விழப் பேசாதீர்கள். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் உண்டு. வீட்டிலேயே வயிற்று வழியாக டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அதற்கான திரவப் பைகளையும் கொண்டுவந்து தருகிறார்கள். இதையெல்லாம் விசாரித்துவிட்டு, "செலவை நாங்க பார்த்துக்கறோம்" என்று ஒரு தடவை தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

"போய்ச் சேர்ந்தா தேவலை" என்று சொன்னால் "அப்படியெல்லாம் பேசாதே" என்று வாயை அடைக்காமல், பக்கத்தில் உட்கார்ந்து, சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியாக விடாமல் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். ராத்திரியானாலும் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. வாரம் முழுக்க கூடப் போய் வந்து நீங்களே உடைந்துபோயிருந்தாலும் அதே எண்தான். ஒரு நாள் முறையைத் தம்பியையோ மருமகளையோ எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, நீங்களும் பேசுங்கள்.