தென்னை நார்க் கலப்புப் பொருளும் ஐப்பசி ஈரமும்

பாலியெஸ்டர் பிசினில் 20 சதவீதம் (கனஅளவில்) தென்னை நார் சேர்த்து வட்டத் தகடுகள் வார்த்திருந்தேன். பிசினின் மின்காப்பு மாறிலி (மின்புலத்தில் ஒரு பொருள் எவ்வளவு மின்னாற்றலைத் தேக்கும் என்பதன் அளவு) 3.2, நாருக்கு 5 என்று வைத்து கலவையின் மாறிலியைக் கணிக்கும் லிக்டெனெக்கர் சூத்திரத்தில் போட்டால் 3.5 வருகிறது. மின்தேக்குத்திறனை அளக்கும் எல்சிஆர் மீட்டர் 100 ஹெர்ட்ஸில் 5.9 காட்டியது.

முதலில் சூத்திரத்தைத்தான் சந்தேகப்பட்டேன். மேக்ஸ்வெல் கார்னெட், புரூகெமன் என்று மற்றக் கலவைச் சூத்திரங்களையும் போட்டுப் பார்த்தேன். எதுவும் 4-ஐத் தாண்டவில்லை. எடை சதவீதத்தைக் கனஅளவாக மாற்றியதில் பிழையோ என்று மறுபடி கணக்கிட்டேன், சரியாகவே இருந்தது. நான்கு நாள் போச்சு.

அப்புறம்தான் ஒன்று கண்ணில் பட்டது. அதே தகடு 1 மெகாஹெர்ட்ஸில் 3.7 காட்டியது. குறைந்த அதிர்வெண்ணில் மட்டும் ஏறினால், பெரும்பாலும் நாரும் பிசினும் சேரும் இடத்தில் மின்னூட்டம் தேங்குகிறது என்று அர்த்தம். ஈரம் இருந்தால் அது இன்னும் கூடும். புதுச்சேரியில் ஐப்பசி மழை, சன்னலுக்கு நேரே கடல் காற்று. நார் தண்ணீரைக் குடிக்காமல் என்ன செய்யும்?

தகட்டை 80 டிகிரி உலர்த்தும் அடுப்பில் (ஓவன்) இரவு முழுக்க வைத்தேன். 5.4-க்குத்தான் இறங்கியது. இங்கேதான் ஏமாந்தேன்: அளப்பதற்கான மின்முனையாக இரு முகத்திலும் சில்வர் பெயிண்ட் பூசிய பிறகு காய வைத்திருக்கிறேன். இரு முகமும் மூடிக்கிடக்க, ஈரம் விளிம்பு வழியாக மட்டும் எப்படி வெளியேறும்?

புதுத் தகடுகளைப் பூசாமலே காயவைத்து, தராசில் எடை இறங்குவது நின்ற பிறகு சிலிகா ஜெல் போட்ட டெசிகேட்டரில் (ஈரம் புகாத மூடிய கலத்தில்) ஆறவிட்டு, உடனே பெயிண்ட் பூசி அளந்தேன். 100 ஹெர்ட்ஸில் 3.8. அப்பாடா. சன்னலோரம் ஒரு ராத்திரி விட்டுப் பார்த்தேன், மீண்டும் ஏறத் தொடங்கிவிட்டது.