மருத்துவச் சொல்லை வாலிலிருந்து படியுங்கள்

ஓசூர் பஸ்ஸில் வந்து பெங்களூரு மடிவாளாவில் இறங்கி என் மெடிக்கல் கோடிங் (நோய்க்கும் சிகிச்சைக்கும் 'கோடு', அதாவது குறியீட்டு எண் போடும் வேலை) வகுப்புக்கு வரும் பிள்ளைகள், முதல் வாரமே நீளமான சொல் பட்டியல் ஒன்றை மனப்பாடம் செய்ய உட்கார்ந்துவிடுகிறார்கள். வேண்டாம், மூடி வையுங்கள்.

சொல்லைக் கடைசியிலிருந்து பிரியுங்கள். கோலிசிஸ்டெக்டமி என்று வந்தால் முதலில் 'எக்டமி'யைப் பிடியுங்கள். கிரேக்கத்தில் வெட்டி எடுப்பது. எதை? 'கோலி' பித்தம், 'சிஸ்டிஸ்' பை. பித்தப்பையை எடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

வால் மாறினால் கோடும் மாறும். கொலெக்டமியில் பெருங்குடலை முழுதாகவோ பாதியோ எடுத்துவிடுவார்கள். கொலாட்டமியில் கீறித் திறப்பார்கள். கொலாஸ்டமியில் குடலை வெளியே கொண்டுவந்து வயிற்றில் ஒரு வாய் அமைப்பார்கள். 'ஸ்டோமா' என்றாலே கிரேக்கத்தில் வாய்தான். அவசரமாகப் படித்தால் மூன்றும் ஒன்றுபோலத் தெரியும். நிறையப் பேர் கோட்டை விடுவது இங்கேதான்.

அப்புறம், ஒரே உறுப்புக்கு இரண்டு பெயர் இருக்கும். சிறுநீரகம் கிரேக்கத்தில் 'நெஃப்ரோஸ்', லத்தீனில் 'ரென்'. நோய்க்கும் அறுவைக்கும் பெரும்பாலும் கிரேக்கம் வரும்: நெஃப்ரைட்டிஸ் (சிறுநீரக அழற்சி), நெஃப்ரெக்டமி (சிறுநீரகத்தை எடுப்பது). ரத்தக்குழாய் என்றால் லத்தீன்: ரீனல் ஆர்டரி (சிறுநீரகத் தமனி). இரண்டையும் ஒரே வரியில் எழுதி வையுங்கள். மொழிச் சுத்தமும் பார்க்காதீர்கள். 1886-இல் ரெஜினால்ட் ஃபிட்ஸ் வைத்த அப்பென்டிசைட்டிஸ் என்ற பெயரில் தலை லத்தீன், வால் கிரேக்கம்.

வேர் சில இடங்களில் ஏமாற்றும். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களைக் கரோனரி என்றதும் லத்தீனில் இதயத்தைக் குறிக்கும் 'கோர்' நினைவுக்கு வரும். அது இல்லை, 'கரோனா', அதாவது கிரீடம். அந்தக் குழாய்கள் இதயத்தைச் சுற்றி ஓடுவதால் வந்த பெயர்.

டயாபடீஸ் இன்னும் மோசம். கிரேக்கத்தில் 'ஊடே கடந்து போவது', சிறுநீர் நிற்காமல் போவதைச் சொன்னார்கள். லத்தீனில் மெலிட்டஸ் தேனினிப்பு, இன்சிபிடஸ் சுவையற்றது. அந்தக் கால வைத்தியர்கள் சிறுநீரை ருசி பார்த்தே பிரித்தார்கள் (நல்லவேளை, நமக்கு லேப் ரிப்போர்ட் வருகிறது). மெலிட்டஸ்தான் நாம் சொல்லும் சர்க்கரை நோய், இன்சிபிடஸ் சர்க்கரை நோயே அல்ல. நோய்களுக்கான சர்வதேசக் கோடு பட்டியலான ஐசிடி-10-இல் டைப் 2 சர்க்கரை ஈ11. மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியால் வரும் இன்சிபிடஸ் ஈ23.2, சிறுநீரகத்தால் வருவது என்25.1.

நோயாளியின் சார்ட்டில் வெறும் 'டி.ஐ.' (டயாபடீஸ் இன்சிபிடஸின் சுருக்கம்) என்று இருந்தால் ஈ11 பக்கம் போகாதீர்கள். மருந்துச் சீட்டில் டெஸ்மோபிரெசின் இருந்தால் இன்சிபிடஸாக இருக்கலாம். ஆனால் மருந்தை மட்டும் வைத்துக் கோடு போடக் கூடாது. டாக்டரிடம் எழுத்தில் விளக்கம் கேட்டுக் குவெரி அனுப்புங்கள்.