சரிவுக் குழாயில் காற்றுக் குமிழி எந்தப் பக்கம் போகும்?

எங்கள் வீட்டு மாடித் தொட்டி நிரம்பி வழிந்தது; சமையலறைக் குழாயில் மட்டும் நூல்போலத் தண்ணீர். அடைப்பு என்று நினைத்து அரை நாள் குழாயைக் கழற்றினேன். உள்ளே தூசிகூட இல்லை. அடைத்திருந்தது காற்று. எங்கே அடைத்திருந்தது என்பதைக் கண்டுபிடிக்கச் செய்த சோதனை இது.

படி 1. உள்ளே தெரியும் முக்கால் அங்குல பிளாஸ்டிக் டியூப் ஒரு மீட்டர் வாங்கி, நேரான ரீப்பர் கட்டையில் கட்டுங்கள். மெல்லிய டியூப் வேண்டாம். உள்விட்டம் 5 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் தண்ணீரின் பரப்பு இழுவிசை குமிழியைப் பிடித்துக்கொள்ளும், நிமிர்த்திப் பிடித்தாலும் மேலேறாது.

படி 2. விரல் நீளத்துக்குக் காற்றை விட்டுத் தண்ணீர் நிரப்பி, இரு முனைகளையும் அடையுங்கள். கட்டையைச் செங்குத்தாக நிறுத்திக் குமிழி ஏறும் நேரத்தைக் குறியுங்கள். பிறகு 45 பாகை சாய்த்துப் பாருங்கள். சாய்வில்தான் வேகமாக ஏறும்! செங்குத்தில் குமிழியைச் சுற்றி மெல்லிய படலமாகத்தான் தண்ணீர் இறங்க முடியும். சாய்த்தால் குமிழி மேல்சுவரை ஒட்டிக்கொள்ள, அடியில் தண்ணீருக்குத் தாராளமாக வழி கிடைக்கிறது.

படி 3. இதுதான் முக்கியம். இன்னும் நீளமான டியூபைத் தண்ணீர்க் குழாயில் மாட்டி, நாற்காலி முதுகின்மேல் ஏற்றி, மறுபக்கம் இறக்கி, முனையை வாளித் தண்ணீருக்குள் அமிழ்த்துங்கள். மூழ்காவிட்டால் வெளிக்காற்று உள்ளே ஏறிச் சோதனையைக் கெடுத்துவிடும். குழாயைச் சிறிதாகத் திறவுங்கள். ஏறும் பக்கத்தில் ஓட்டமும் மிதப்பும் ஒரே திசையில் தள்ளுவதால் குமிழிகள் ஓடிவிடும். இறங்கும் பக்கத்தில் இரண்டும் மல்லுக்கட்டும்: காற்று அங்கேயே நீண்டு படுத்திருக்க, அதன் அடியில் தண்ணீர் ஓடை மாதிரி வழியும். இனி மெதுவாகத் திறப்பைக் கூட்டுங்கள். காற்றின் கீழ்நுனி கலங்கி, பொடிக்குமிழிகளாகப் பிய்ந்து வாளிக்குள் வந்து கொப்பளிக்கும்.

ஒரு அங்குலக் குழாயில் காற்றை இப்படி அடித்துச் செல்ல வினாடிக்கு ஏறத்தாழ அரை மீட்டர் வேகம் வேண்டும். அதாவது 15 லிட்டர் வாளி ஒரு நிமிடத்தில் நிரம்பவேண்டும். சரிவைப் பொறுத்து இது கூடும், குறையும்.

படி 4. இப்போது உங்கள் வீட்டுக் குழாயைப் பாருங்கள். மேட்டின் உச்சியைவிட, அதைத் தாண்டி இறங்கும் பகுதியைச் சந்தேகியுங்கள். அங்கே 1 மீட்டர் உயரத்துக்குக் காற்று நின்றால், தொட்டி தரும் அழுத்தத்தில் 1 மீட்டர் நீர் உயரத்துக்கு உரியது போய்விடும். தொட்டி நீர்மட்டம் திறக்கும் குழாயைவிட 3 மீட்டர் உயரத்தில் இருந்து, இப்படி மூன்று மேடுகளும் இருந்தால் சொட்டுக்கூட வராது.

எங்கள் குழாய் கைப்பிடிச் சுவரின்மேல் ஏறி இறங்கியது. அந்த மேட்டை எடுத்துவிட்டு, தொட்டியிலிருந்து ஒரே இறக்கமாகக் குழாயை மாற்றினேன். தொட்டியை ஒட்டி ‘டீ’ (மூன்று வாய் உள்ள குழாய் இணைப்பு) வைத்து, நிறை நீர்மட்டத்தைவிட உயரமாக ஒரு காற்றுக் குழாயும் நிறுத்தினேன். சமையலறைக் குழாய் நான்கைந்து முறை இருமிவிட்டு ஓடத் தொடங்கியது. காற்றுக் குழாயின் வாயைக் கீழ்நோக்கி வளைத்துக் கொசுவலைத் துண்டு கட்ட மறக்காதீர்கள். குளவி கூடு கட்டிவிடும்.