தனி கராஜில் விறகு அடுப்பு: முதலில் காரை வெளியே எடுங்கள்

மினசோட்டா, மிச்சிகன் பக்கம் ஜனவரியில் கராஜுக்குள் நின்று மரவேலை செய்தால் அரை மணி நேரத்தில் விரல் மரத்துவிடும். வீட்டை விட்டுத் தள்ளி நிற்கிற கராஜ்தானே, ஒரு விறகு அடுப்பைப் போட்டுவிடலாம் என்று தோன்றும். போடலாம், ஆனால் அது கராஜாக இருக்கும்வரை வேண்டாம். அமெரிக்காவில் பின்பற்றப்படும், தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கத்தின் (என்.எஃப்.பி.ஏ.) புகைபோக்கி, அடுப்பு பற்றிய 211-ஆம் எண் விதியே கராஜில் விறகு அடுப்பு கூடாது என்கிறது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவி அடுப்புவரை வந்துவிடும், விறகு நெருப்பையோ சட்டென்று அணைக்க முடியாது.

ஆகவே கார், புல்வெட்டும் இயந்திரம், பெட்ரோல் கேன், தின்னர் எல்லாம் வேறு இடத்துக்குப் போகட்டும். அப்புறம் ஊர் கட்டட அலுவலகத்தில் இதைப் பட்டறையாக மாற்ற முடியுமா, பெர்மிட்டுக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். இன்சூரன்ஸ்காரரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். இரண்டில் ஒன்று மறுத்தாலும் அடுப்பை மறந்துவிட்டு மின்சார ஹீட்டர் வாங்குவதுதான் சரி.

அனுமதி கிடைத்ததா? பரிசோதனைக் கூடம் பாதுகாப்பைச் சோதித்துக் கொடுத்த முத்திரை உள்ள அடுப்பாகப் பாருங்கள். சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும் என்று அதன் பின்பக்கத் தகட்டிலேயே எழுதியிருக்கும். முத்திரை இல்லாத பழைய அடுப்பென்றால் எல்லாப் பக்கமும் 36 அங்குலம் விட வேண்டும். ஜிப்சம் பலகை அடித்த சுவர் எரியாது என்று பலர் நம்பிக் கிட்டத்தில் வைத்துவிடுகிறார்கள், இதுதான் எனக்குப் பெரிய கவலை. பலகைக்குப் பின்னால் இருப்பது மரச்சட்டம். வருடக்கணக்கில் சூடு பட்டுப் பட்டு அந்த மரம் குறைந்த வெப்பத்திலேயே பற்றிக்கொள்ளும் நிலைக்கு வந்துவிடும். இடம் போதாவிட்டால் சுவரிலிருந்து 1 அங்குலம் தள்ளி, கீழும் மேலும் காற்று போகிற மாதிரி இரும்புத் தகடு நிறுத்தினால் 36 அங்குலத்தை 12 வரை குறைக்கலாம்.

புகைக்குழாயைக் கூடியவரை நேராக மேலே கொண்டுபோங்கள். ஒற்றைச் சுவர்க் குழாய்க்கும் (ஒரே அடுக்குத் தகட்டாலான புகைக்குழாய்) எரியும் பொருளுக்கும் நடுவே 18 அங்குலம் வேண்டும். ஒவ்வொரு இணைப்புக்கும் 3 திருகு, குழாயின் நெளிந்த முனை அடுப்பைப் பார்த்துக் கீழே, அப்போதுதான் உள்ளே படியும் தார் வெளியே ஒழுகாமல் அடுப்புக்கே திரும்பும். கூரையைத் துளைத்துப் போவது 'கிளாஸ் ஏ' புகைபோக்கியாக, அதாவது விறகுப் புகையின் சூட்டைத் தாங்கும் பல அடுக்கு உலோகப் புகைபோக்கியாக இருக்க வேண்டும், அதைச் சுற்றி பெரும்பாலும் 2 அங்குல இடைவெளி கேட்பார்கள், அதில் வெப்பத் தடுப்புப் பஞ்சு (இன்சுலேஷன்) அடைக்கவே கூடாது. உச்சி கூரையிலிருந்து 3 அடியாவது உயர்ந்திருக்கட்டும், 10 அடிக்குள் இருக்கிற எதையும்விட 2 அடி கூடுதலாகவும்.

கார்பன் மோனாக்சைடு அலாரம், தீயணைப்பான் இரண்டும் கட்டாயம். முதல் தீயைச் சின்னதாக மூட்டிக் கதவைத் திறந்து வையுங்கள், புதுப் பெயின்ட் புகையும். ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் உள்ள விறகு வேண்டாம், தார் படிந்து புகைபோக்கியே பற்றும். மரத்தூளைப் பெருக்கிவிட்டுத்தான் அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும், வார்னிஷ் அடிக்கும் நாளில் அடுப்பே வேண்டாம். புகைபோக்கியை வருடம் ஒருமுறை சுத்தம் செய்யுங்கள். சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் அள்ளி, வெளியே சிமென்ட் தரையில் வையுங்கள், மரப் படிக்கட்டில் வேண்டாம், உள்ளே கங்கு நாள் கணக்கில் உயிரோடு கிடக்கும்.