காளான், லைக்கன் பதிவு செய்வது எப்படி? கொல்லிமலைக்குக் கிளம்பும் முன்

மேற்குத் தொடர்ச்சி மலையின் காளான்களையும் லைக்கன்களையும் (மரப்பட்டையிலும் பாறையிலும் படரும், பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் உயிர்) பற்றி ஓரளவு எழுதிவிட்டார்கள். கொல்லிமலை, ஜவ்வாது மலைப் பக்கம் அந்த அளவுக்கு இல்லை. அங்கே ஒரு பலா மரத்தில் இருப்பவற்றை ஒழுங்காகப் பார்த்துப் பதிந்தாலும் உபயோகம்தான். காப்புக்காட்டில் பறிக்க வனத்துறை அனுமதி வேண்டும். தோட்டமென்றால் உரிமையாளரைக் கேளுங்கள்.

கையில் 10 மடங்கு லென்ஸ், பிளேடு, காகித உறை, பென்சில் இருந்தால் போதும். போனில் மாட்டும் மேக்ரோ கிளிப்புக்குக் காசு செலவழிக்காதீர்கள், அதே லென்ஸைக் கேமராவோடு ஒட்டிப் பிடித்தால் படம் வரும். பிளாஸ்டிக் பை வேண்டவே வேண்டாம். காளான் உள்ளேயே வியர்த்துக் கூழாகிவிடும்.

1. காளானை மேலிருந்து ஒரு படம், குடைக்கு அடியில் செவுள் (தகடு தகடாக இருக்கும் மடிப்புகள்) தெரிய ஒன்று, தண்டின் அடியைத் தோண்டி ஒன்று. அமானிட்டா என்ற காளான் வகைகளில் தண்டின் அடியைச் சுற்றியிருக்கும் கிண்ணம் பெரும்பாலும் மண்ணுக்குள்தான் இருக்கும். (சாப்பிடலாமா என்று கேட்காதீர்கள், பதில் சொல்ல மாட்டேன்.)

2. குடையை மட்டும் வெட்டி, செவுள் கீழே இருக்குமாறு வைத்து, டம்ளரால் மூடி இரவு விடுங்கள். காலையில் ஸ்போர் தூள் (காளானுக்கு விதை மாதிரி) படிந்திருக்கும். தூளின் நிறம் தெரிய, அடியில் பாதி கறுப்பு, பாதி வெள்ளைக் காகிதம் வைக்கச் சொல்வார்கள். எனக்கு ஓஎச்பி ஷீட் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) தான் சரி, எந்த நிறத்தின் மேலும் வைத்துப் பார்க்கலாம்.

3. லைக்கனுக்குப் படம் போதாது, நிறச் சோதனை வேண்டும். 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் ஒன்று, பிளீச் ஒன்று. முதலாவது தோலை அரிக்கும், கையுறை போடுங்கள்.

பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். பார்மோட்ரீமா என்பது இலை மாதிரி படரும் லைக்கன் வகை. சாம்பல் நிற பார்மோட்ரீமாவின் மேல்தோலில் ஹைட்ராக்சைடு விட்டால் அனேகமாக எல்லாமே மஞ்சளாகும். அதை வைத்து இனம் பிரிக்க முடியாது. பிளேடால் மேல்தோலை லேசாகச் சுரண்டுங்கள்; உள்ளே வெள்ளையாகப் பஞ்சு மாதிரி தெரியும். குச்சி நுனியால் அங்கே ஒரு சொட்டு. பார்மோட்ரீமா டிங்க்டோரம் என்றால் ஹைட்ராக்சைடுக்கு அசையாது, பிளீச்சுக்குப் பளிச்சென்று சிவக்கும். பார்மோட்ரீமா பெர்லாட்டம் நேர்மாறு: ஹைட்ராக்சைடில் மஞ்சள், பிளீச்சில் ஒன்றுமில்லை. சிவப்பு சீக்கிரம் மங்கிவிடும், லென்ஸைக் கண்ணருகே வைத்துக்கொண்டே சொட்டு விடுங்கள்.

பழகுவதற்கு மலைக்குப் போக வேண்டாம். பிரியாணிக்கு வாங்கிய கல்பாசிப் பொட்டலத்தைப் பிரியுங்கள். அதுவும் லைக்கன்தான், பெரும்பாலும் பல இனம் கலந்தே இருக்கும். சோதித்ததைக் குழம்பில் போட்டுவிடாதீர்கள்.

4. உயிரினங்களைப் படத்தோடு பதியும் ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் ஏற்றும்போது எந்த மரம் அல்லது பாறை, சோதனையில் வந்த நிறம், இரண்டையும் குறிப்பில் எழுதுங்கள். சிக்னல் இல்லாவிட்டால் பதிந்துவைத்து, கீழே இறங்கியபின் ஏற்றலாம்.

பின்சேர்க்கை: பிளீச் எதிலும் சிவக்கவில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். திறந்து மாதக்கணக்கான பாட்டிலில் வீரியம் இருக்காது. குளோரின் இல்லாத துணி பிளீச்சும் ஆகாது. புதிய பிளீச்சிங் பவுடரைத் தண்ணீரில் கலக்கித் தெளியவிட்டு, மேல்நீரை எடுத்துக்கொள்ளுங்கள். அன்றன்றைக்குக் கலக்கினால்தான் நம்பலாம்.